தேங்காயும் கிழங்கும் சாளையும்: இரத்தக் கொழுப்பைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட ஒருவரின் அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 200-ஐத் (இந்த எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள மில்லிகிராம் கணக்கு) தாண்டிவிட்டால், அந்த வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது முட்டையின் மஞ்சள் கரு; அடுத்து இறாலும் கணவாயும். தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு வாக்குவாதம் எழும். 'நம்முடைய தாத்தா பாட்டி இதைத்தானே சாப்பிட்டார்கள்' என்று யாராவது சொன்னதும் அது அடங்கிவிடும். மதியம் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் சோறும், மாலைத் தேநீரோடு சேரும் பழம்பொரியும், பேக்கரிப் பண்டங்களும் இந்தப் பேச்சில் வருவதே இல்லை. தட்டில் இருக்கும் கொழுப்பு அப்படியே இரத்தத்தில் போய்ச் சேர்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் இரண்டுக்கும் நடுவே கல்லீரல் இருக்கிறது. கல்லீரல் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால், எதைக் குறைப்பது, எதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது என்பது பெருமளவு தெளிவாகிவிடும்.

கொழுப்பு நீரில் கரையாது; இரத்தமோ பெரும்பகுதி நீர். ஆகவே கொலஸ்ட்ராலும், உடல் ஆற்றலுக்காகச் சேமித்துவைக்கும் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் இரத்தத்தில் தனியாக ஓட முடியாமல், புரதம் போர்த்திய நுண்துகள்களுக்குள் ஏறித்தான் உடலைச் சுற்றி வருகின்றன. லிப்போபுரோட்டீன் என்று அழைக்கப்படும் இந்தத் துகள்களைக் கடலில் சரக்கேற்றிப் போகும் வள்ளங்களாக நினைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கொழுப்பைக் குடலிலிருந்து ஏற்றி வருவது கைலோமைக்ரான். கல்லீரல் தானே செய்து அனுப்பும் பெரிய துகளுக்கு வி.எல்.டி.எல். என்று பெயர், அதன் முக்கியச் சரக்கு ட்ரைகிளிசரைடு. தசைகளிலும் கொழுப்புத் திசுக்களிலும் அந்தச் சரக்கை இறக்கிவிட்டுச் சுருங்கிய பிறகு, கொலஸ்ட்ரால் மிகுந்த எல்.டி.எல். துகளாக அது மாறுகிறது. எச்.டி.எல். இவற்றிலிருந்து வேறுபட்டது, திசுக்களில் மிஞ்சும் கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் பணியில் அதற்குப் பங்கு உண்டு. வி.எல்.டி.எல்., எல்.டி.எல். ஆகிய ஒவ்வொரு துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எனவே அப்போ-பி புரதத்தை அளந்தால், எத்தனை துகள்கள் இரத்தத்தில் ஓடுகின்றன என்று கணக்கிட்டுவிடலாம். இதயத்துக்கு வரும் ஆபத்தைத் தீர்மானிப்பதில் ஒவ்வொரு துகளும் சுமக்கும் சரக்கின் அளவைவிட இந்த எண்ணிக்கையே பெரிது.

எல்.டி.எல். துகள் மிகச் சிறியதாகையால் தமனியின் உட்சுவரைத் தாண்டி அதற்கு அடியிலுள்ள அடுக்குக்குள் புகுந்துவிடும். புகுந்தவற்றில் சில அங்கேயே சிக்கி, வேதிமாற்றம் அடைகின்றன. இரத்தத்தின் வெள்ளணுக்கள் அவற்றை வெளியார் என்று எண்ணி விழுங்கி, கொழுப்பால் உப்பி, அங்கேயே தங்கிவிடுகின்றன. இந்தச் சேர்க்கை பல ஆண்டுகள் தொடரும்போது, மெல்லிய நார் மூடிக்கு உள்ளே கொழுப்பும் இறந்த செல்களும் நிரம்பிய ஒரு படிவு உருவாகிறது. மாரடைப்பு என்பது பெரும்பாலும் இந்தப் படிவு மெல்ல வளர்ந்து குழாயை அடைத்துவிடுவதால் வருவதில்லை. மூடி திடீரென்று கிழிந்து, அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் ஓட்டம் நின்றுவிடுவதால் வருகிறது. நேற்று வரை வயலில் நின்று வேலை செய்தவருக்கு இன்று காலை மாரடைப்பு வந்தது எப்படி என்று நாம் வியப்பதற்கு விடை இதில்தான் உள்ளது: படிவு பல பத்தாண்டுகளாக அங்கே இருந்தது, கிழிந்தது மட்டும் இன்று காலை.

எத்தனை பத்தாண்டுகள் என்று கேட்டால், 1953-இல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 22. அவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் இதயத் தமனிகளில் படிவின் அடையாளம் ஏதோ ஓர் அளவில் இருந்தது. ஐம்பது வயதில் தெரியவரும் நோய் இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது என்பது இந்தத் துறையில் நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி. உணவைப் பற்றிய எந்தப் பேச்சையும் இந்தக் கால அளவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கொலஸ்ட்ராலுக்கும் தமனிப் படிவுக்கும் உள்ள தொடர்பு நேற்று இன்று சொல்லப்பட்டதன்று. 1913-இல் ரஷ்யாவில் நிகோலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் தமனிகளில் படிவு உண்டாவதைக் காட்டினார். முயல் தாவர உண்ணி. மனிதருக்கு அது பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. ஐயத்தைத் தீர்த்தவர்கள் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும். கல்லீரல் உள்ளிட்ட உறுப்புகளின் செல்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் இருப்பதை அவர்கள் கண்டறிந்து, 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த ஏற்பிகள் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு எல்.டி.எல். மிகுதியாகவும், மாரடைப்பு மிக இளம் வயதிலும் வருகின்றன. இதற்கு நேர் எதிரான சான்று 2006-இல் கிடைத்தது: பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் பிறந்தது முதலே எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாக இருந்த ஒரு மக்கள் பிரிவில், இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்தால் எல்.டி.எல். அளவை ஏறக்குறைய 39 மில்லிகிராம் குறைத்தால், அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய குறைவு வாழ்நாள் முழுதும் நீடித்தால், பெரிய குறைவு சில ஆண்டுகள் மட்டும் நீடிப்பதைவிட அதிகப் பயன் தருகிறது.

உணவு இந்தக் கதைக்குள் நுழைவது இரண்டு வழிகளில். முதல் வழி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது நெய், இறைச்சிக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும், எளிதில் உறையும் வகைக் கொழுப்பு. இது மிகுதியானால் கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளின் செயல்பாடு குறைகிறது; பிடித்து இழுக்க ஆள் குறைவதால் எல்.டி.எல். துகள்கள் இரத்தத்தில் அதிக நேரம் சுற்றுகின்றன. இரண்டாம் வழி மாவுச்சத்தும் சர்க்கரையும். உடலின் தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. அதனால் ட்ரைகிளிசரைடு உயர்கிறது, எச்.டி.எல். தாழ்கிறது, எல்.டி.எல். துகள்கள் அளவில் சிறுத்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. மதுவும் ட்ரைகிளிசரைடை உயர்த்தும். குமரி மாவட்டத்துத் தட்டில் இந்த இரண்டு வழிகளும் ஒருசேரத் திறந்திருக்கின்றன என்பதே என் கவலை. ஆனால் நம்முடைய பேச்சு முதல் வழியிலும் தேங்காய் எண்ணெய் என்ற ஒரே ஒரு பொருளைச் சுற்றியே நின்றுவிடுகிறது.

அந்தப் பொருளையே முதலில் எடுத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயில் 85 முதல் 90 சதவீதம் வரை நிறைவுற்ற கொழுப்பு; அதில் பாதியளவு லாரிக் அமிலம் என்ற வகை. பொட்டலத்தின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பது முழு உண்மை, ஏனென்றால் தாவரப் பொருள் எதிலும் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. ஆனால் இரத்தத்தில் எல்.டி.எல். ஏறுமா இறங்குமா என்ற கேள்விக்கு அந்த வாசகம் விடை தருவதில்லை. 2020-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெப்பமண்டலத்தைச் சேராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட, தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். அளவைச் சுமார் 10 மில்லிகிராமும் எச்.டி.எல். அளவைச் சுமார் 4 மில்லிகிராமும் உயர்த்தியது தெரிந்தது. எச்.டி.எல். உயர்வதை வைத்து இதை நல்லது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை ஏற்க முடியாமல் செய்தது மருந்து ஆய்வுகளின் அனுபவம்: எச்.டி.எல். அளவை மிகவும் உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் ஆய்வு, மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். குறைவாக இருப்பது எச்சரிக்கைதான். அதை எப்படியாவது ஏற்றிவிட்டால் காப்பு கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

முன்னோர் வாதத்துக்கும் மதிப்புக் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பசிபிக் பெருங்கடலிலுள்ள டோக்கிலாவ் தீவுகளின் மக்கள் தங்கள் உணவு ஆற்றலில் 63 சதவீதத்தைத் தேங்காயிலிருந்தே பெற்றார்கள். புகாபுகா தீவினர் 34 சதவீதம். 1981-இல் வெளியான ஆய்வின்படி, டோக்கிலாவ் மக்களின் கொலஸ்ட்ரால் புகாபுகா மக்களைவிட அதிகமாகவே இருந்தது. ஆனாலும் இரு தீவுகளிலும் இரத்தக்குழாய் நோய் அரிதாக இருந்தது. அவர்கள் எண்ணெயாகப் பிழிந்ததை நம்பியிராமல் தேங்காயையே உண்டார்கள், மீன் உண்டார்கள், சர்க்கரை அவர்களுடைய உணவில் குறைவு. அவர்களில் பலர் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிறகு நிறைவுற்ற கொழுப்பு குறைந்து, சர்க்கரையும் பிற மாவுச்சத்தும் கூடின, எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடு இரண்டும் உயர்ந்து எச்.டி.எல். குறைந்தது. இதே நம் ஊருக்கும் பொருந்தும். கிழங்கு பிடுங்கி, மலையேறி, வலை இழுத்து வாழ்ந்தவர்களின் தேங்காயையும், நாற்காலியில் அமர்ந்து வேலை செய்து, பொரித்தவற்றையும் இனிப்பையும் அன்றாடம் சேர்த்துக்கொள்ளும் நம் தேங்காயையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

அளவைத்தான் கணக்கிட வேண்டும். அது கடினமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பு மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய் செலவானால், ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 15 கிராம் எண்ணெய், அதில் 13 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. துருவிய தேங்காய் 100 கிராமில் 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருப்பதால், அவியல், துவரன், மீன்குழம்பு ஆகியவற்றின் வழியே ஒருவர் நாளுக்கு 30 கிராம் தேங்காய் உண்டாலும் இன்னொரு 9 கிராம் சேர்ந்துவிடும். பால், இறைச்சி, பேக்கரிப் பண்டம் எதையும் எண்ணத் தொடங்கும் முன்பே அன்றைய 22 கிராம் முடிந்துவிட்டது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு எளியது: குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொள்ளுங்கள், அதை விட்டால் நம் சமையலே இல்லை, தாளிக்கவும் பொரிக்கவும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மீன் பொரிக்கவும் தேங்காய் எண்ணெய், துவரனுக்கும் அதே, அவியலின் மேலும் பச்சையாக அதே என்ற வழக்கத்தில் இரண்டையாவது விட்டுவிடலாம். பாமாயிலுக்கு மாறுவது மாற்றமாகாது. அதிலும் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்புதான்.

முட்டையும் இறாலும் இவ்வளவு பழி சுமப்பது நியாயமில்லை என்று இப்போது புரியும். ஒரு பெரிய முட்டையில் 186 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்போ ஒன்றரை கிராம் மட்டுமே. உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்வதாலும், உணவில் வருவது முழுவதையும் குடல் உறிஞ்சாததாலும், உணவுக் கொலஸ்ட்ராலின் தாக்கம் பெரும்பாலோரிடம் நிறைவுற்ற கொழுப்பின் தாக்கத்தைவிடக் குறைவு. நீரிழிவு உள்ளவர்களும் எல்.டி.எல். ஏற்கெனவே மிகுந்தவர்களும் மட்டும் மருத்துவரிடம் கேட்டு அளவு வைத்துக்கொள்வது நல்லது. இறாலிலும் கொலஸ்ட்ரால் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. அதைத் தேங்காய் எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்தால்தான் கணக்கு மாறுகிறது.

வனஸ்பதியிலும் சில பேக்கரிப் பண்டங்களிலும் இருந்துவந்த, எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல். அளவை ஏற்றி எச்.டி.எல். அளவை இறக்குவதால் எல்லாவற்றிலும் கேடானது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதை 2 சதவீதத்துக்குள் வரம்பிட்டுள்ளது.

இப்போது இரண்டாவது வழிக்கு வருவோம். தெற்காசியர்களின் இரத்தக் கொழுப்பில் ஒரு தனிப் போக்கு உண்டு: மொத்தக் கொலஸ்ட்ரால் அவ்வளவு உயராமலே ட்ரைகிளிசரைடு மிகுந்தும் எச்.டி.எல். குறைந்தும் காணப்படுகிறது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது 53 ஆகவும் மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. இந்தியர்கள் தங்கள் உணவு ஆற்றலில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு காட்டியது. நம் மாவட்டத்தில் சோற்றோடு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சேர்கிறது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்துப் பரப்பிய கிழங்கு, பஞ்ச காலங்களில் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய உணவு. அதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பச்சைக் கிழங்கு 100 கிராமில் 38 கிராம் மாவுச்சத்தும் ஒன்றரை கிராமுக்கும் குறைவான புரதமும்தான் இருக்கின்றன. கிழங்கும் மீனும் என்ற இணையில் மீன் அதிகமாகவும் கிழங்கு அளவாகவும் இருந்தால் அது நல்ல உணவு. காலையில் கிழங்கு, மதியம் நிறையச் சோறு, மாலையில் நேந்திரங்காய் சிப்ஸ், இரவில் புரோட்டா என்று ஒரு நாள் போனால், அந்த உணவில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் இல்லாவிட்டாலும் ட்ரைகிளிசரைடு ஏறும்.

சாளை (மத்தி) மீனும் அயலை (கானாங்கெளுத்தி) மீனும் நம் கடற்கரைக்குக் கிடைத்த பேறு. அவற்றில் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. நிறைவுற்ற கொழுப்புள்ள இறைச்சிக்குப் பதிலாக வாரம் இரண்டு மூன்று முறை அவற்றைக் குழம்பாக உண்பது நல்லது. கஞ்சியும் பயறும் என்ற பழைய இணையையும் மீட்டுக்கொள்ளலாம். சிறுபயறு, கடலை, வெண்டைக்காய் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து, குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. பித்தத்தை மீண்டும் தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டியிருப்பதால், அது இரத்தத்திலிருந்து எல்.டி.எல். துகள்களை அதிகமாக இழுத்துக்கொள்கிறது.

அறிக்கையைப் படிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 260 என்று வைத்துக்கொள்வோம். பல ஆய்வகங்கள் எல்.டி.எல். அளவை நேரடியாக அளக்காமல் கணக்கிடுகின்றன: மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவையும் ட்ரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 212-இல் 34-உம் 52-உம் போக, 126 வருகிறது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. மொத்தம் 212 என்றதும் 'கொஞ்சம்தான் கூட' என்று தோன்றும். ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவை மட்டும் கழித்தால் 178 வருகிறது. தமனிச் சுவரில் புகக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இந்த எண்ணில் அடங்கும். இதற்கு எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் என்று பெயர். இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், வேறு ஆபத்து இல்லாதவர்களுக்கும் இது 130-க்குள்ளும் எல்.டி.எல். 100-க்குள்ளும் இருக்கச் சொல்கிறது. நீரிழிவு போன்ற உயர் ஆபத்து உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குள். நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு முட்டையை நிறுத்துவதால் பெரும் பயன் இல்லை. சோறு, சர்க்கரை, உடல் எடை, மது ஆகியவற்றைக் குறைப்பதும், இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பதுமே அவருக்கு வேண்டியவை.

உணவால் முடியாத இடமும் உண்டு. எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்து, குடும்பத்தில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ பெண்களுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அது பரம்பரை மிகைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். உலகில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. இவர்களுக்கு எவ்வளவு கட்டுப்பாடான உணவும் தனியாகப் போதாது. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூடப் பரிசோதனை வேண்டும். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரம்பரைத் துகளை வாழ்நாளில் ஒரு முறையாவது அளந்துகொள்வதும் அதே வழிகாட்டுதலின் அறிவுரை. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எண்களைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டு, அடுத்த அறிக்கையில் எண்கள் சரியானதும் 'குணமாகிவிட்டது' என்று நிறுத்திவிடுவோர் நம் ஊர்களில் பலர். ஸ்டாட்டின், கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைத்து, அதன் விளைவாக எல்.டி.எல். ஏற்பிகளைப் பெருக்கிவைக்கிறது, மாத்திரை நின்றால் ஏற்பிகள் குறைந்து, சில வாரங்களில் எல்.டி.எல். பழைய அளவுக்கே திரும்பிவிடும். தசைவலியோ வேறு தொல்லையோ இருந்தால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், அளவைக் குறைக்கவும் வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவும் எசெட்டிமைப் போன்ற மருந்தைச் சேர்க்கவும் வழியுண்டு.